பாலைவனம் பார்க்கப் புறப்படும் முன்...



நீலாயில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. 1998-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து, தலைக்கு மேல் விமானம் போவதைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. லாபு, பத்தாங் பெனார் வட்டாரத் தோட்டங்களில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பால்மரம் சீவப் போனவர்களின் பிள்ளைகள் இன்று அதே விமான நிலையத்தில் வேலை செய்கிறார்கள். விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் பலர். அதில் ஏறிப் பயணம் போன முதியவர்கள்தான் குறைவு.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மகன் விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறார். மருமகள் தாதி. இரண்டு பள்ளிப் பிள்ளைகள். வீட்டில் எழுபத்து மூன்று வயதுப் பாட்டி. லயத்து வீட்டில் வாழ்ந்தவர், நாற்பது ஆண்டுகள் மரம் சீவியவர். பக்கத்துத் தாமானில் பாட்டியின் தங்கை இருக்கிறார். அக்காள், தங்கை இருவரும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாத நாளே கிடையாது.

மூத்த பெண்ணின் புவியியல் பாடத்தில் ஒரு படம் வந்தது. மஞ்சள் மணல், அதிலிருந்து ஆயிரக்கணக்கில் எழுந்து நிற்கும் கற்கள். "அப்பா, இந்த லீவுக்கு இங்க போகலாமா?" என்று கேட்டது பிள்ளை. "பாலைவனத்துக்குப் போயி என்னத்தப் பார்க்கிறது கண்ணு? வெயிலு இங்க இல்லையா?" என்றார் பாட்டி. பயணப் பேச்சு இப்படித்தான் ஆரம்பமானது.

எந்தப் பாலைவனம்?

பாலைவனமும் பாறைகளும் சேர்ந்த தேசியப் பூங்காக்கள் உலகில் பல உள்ளன. அமெரிக்காவில் ஜோஷுவா ட்ரீ பூங்கா, இந்தியாவில் ஜெய்சல்மேர் அருகே 1980-இல் அமைக்கப்பட்ட பாலைவனத் தேசியப் பூங்கா, ஆஸ்திரேலியாவின் நடுவில் 348 மீட்டர் உயரமுள்ள ஊலுரு சிவப்புப் பாறை ஆகியவை பெயர் பெற்றவை. ஊலுரு, அனங்கு பூர்வகுடி மக்களுக்குப் புனிதமான இடம். 2019 அக்டோபர் 26-ஆம் தேதி முதல் அதன்மேல் ஏறுவது தடை செய்யப்பட்டுள்ளது. சுற்றுப்பயணிகளின் ஆசையைவிட அந்த மண்ணுக்குரியவர்களின் மனம் பெரிது என்று எடுக்கப்பட்ட முடிவு அது.

குடும்பத் தலைவர் முதலில் ஊலுருவைத்தான் நினைத்தார். ஆனால் ஆஸ்திரேலியாவுக்குள் இன்னொரு விமானம் ஏற வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்கூட அங்கிருந்து சுமார் 450 கிலோமீட்டர். வயதானவரையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு முதல் பயணத்துக்கு அது பொருந்தாது.

பிள்ளை காட்டிய படத்தில் இருந்ததோ மேற்கு ஆஸ்திரேலியாவின் நம்பங் தேசியப் பூங்கா. பெர்த் நகரிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். மலேசிய நேரமும் பெர்த் நேரமும் ஒன்றே என்பதால் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. வேளை தவறாமல் மருந்து சாப்பிடும் முதியவர்களுக்கு இது பெரிய வசதி. அங்கேயும் வாகனம் சாலையின் இடப்பக்கமே ஓடுகிறது. நீலாய்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பாலைவனம் என்றால் அது இதுதான்.

வெற்றிலைச் சுண்ணாம்பும் பாலைவனக் கல்லும்

அந்தக் கற்கள் எப்படி வந்தன? ஒரு காலத்தில் கடலில் கிடந்த கிளிஞ்சல்கள் அலையில் அடிபட்டு நொறுங்கி மணலாயின. காற்று அந்த மணலை அள்ளிக் கரையில் மேடு மேடாகக் குவித்தது. மழைநீர் மணலில் இருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய் இறுக்கிக் கல்லாக்கியது. பிறகு காற்றே மேல் மணலை ஊதித் தள்ள, கற்கள் வெளியே தெரிந்தன.  செடி வேர்களின் பங்கு என்ன, ஒவ்வொரு தூணும் தனித்தனியாக நின்றது எதனால் என்பதில் அறிவியலாளர்களிடையே பல விளக்கங்கள் உண்டு. உயரமான தூண்கள் மூன்றரை மீட்டர் வரை இருக்கின்றன.

மகள் இதைப் படித்துக் காட்டியபோது பாட்டி வெற்றிலைப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "கிளிஞ்சலச் சுட்டா சுண்ணாம்பு. அங்க சுடாமலே கல்லாப் போச்சு, அவ்வளவுதானே?" என்றார். பள்ளிக்கூடம் போகாதவர் சொன்ன விளக்கம், பாடப்புத்தகத்தின் சாரம்.

பத்துமலையும் சுண்ணாம்புக் குன்றுதான். அதன் வயது ஏறக்குறைய 40 கோடி ஆண்டு. அதனோடு ஒப்பிட்டால் நம்பங் கற்கள் நேற்றுப் பிறந்த குழந்தைகள். பத்துமலைப் படிகளில் காவடி எடுத்தவர்கள், அதே சுண்ணாம்பு இன்னோர் உருவத்தில் நிற்பதை அங்கே பார்க்கலாம்.

நம்பங் என்ற பெயர் பூர்வகுடி மொழியில் வளைந்து செல்வது என்ற பொருளுடையது. அங்கே வளைந்தோடும் ஆறு ஒன்று சுண்ணாம்புக் குகைகளுக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது. நூங்கார் இனத்தின் யுவெட் மக்களுடைய பூர்வீக நிலம் அது. 1960-களின் பிற்பகுதி வரை அந்தக் கற்களைப் பற்றி ஆஸ்திரேலியர்களில் பலருக்கே தெரியாது. 2010-இல் இந்தியன் ஓஷன் டிரைவ் என்ற கடலோரச் சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, பெர்த்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர முடிகிறது.

மலிவுச் சீட்டு அவசரம்

விமான நிறுவனம் மலிவு விலை அறிவித்த ஓர் இரவில், டிசம்பர் விடுமுறைக்கு ஆறு சீட்டுகளை வாங்கிவிட மகன் கணினி முன் உட்கார்ந்தார். பாட்டி, அவர் தங்கை, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பணம் கட்டும் கடைசிக் கட்டத்தில் மருமகள்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். "அத்தைக்கும் சின்னம்மாவுக்கும் பாஸ்போர்ட் இருக்கா? டிசம்பர்ல அங்க என்ன வெயில்னு பார்த்தீங்களா?"

இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள். மலிவுச் சீட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது. ஆறு பேர் சீட்டு வீணானால், அது ஒரு குடும்பம் பல மாதங்கள் சேர்த்த பணம்.

முதலில் வெயில். பெர்த்தில் பருவங்கள் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைக்காலம். வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்களும் உண்டு. அங்குள்ள வெயில் நம் வெயில் போன்றது அல்ல. இங்கே வியர்வை வழிகிறது, களைப்பு தெரிகிறது, நிழல் தேடுகிறோம். வறண்ட காற்றிலோ வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துவிடும். உடம்பில் நீர் வற்றுவதே தெரியாது. தலைசுற்றல் வந்த பிறகுதான் தெரியும். இனிப்புநீர், இரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்கு இது உயிர் ஆபத்து. கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பதும் தவறான நம்பிக்கை.

செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் அங்கே வசந்தகாலம். வெயில் மிதமாக இருக்கும். வழி நெடுகக் காட்டுப் பூக்கள் பூத்திருக்கும். ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ வரும் பள்ளி விடுமுறை ஒரு வாரம்தான் என்றாலும் இந்தப் பயணத்துக்கு அது போதும். ஆகவே டிசம்பர் கைவிடப்பட்டது.

இரண்டு அக்காள் தங்கை, இரண்டு வண்ண அட்டை

அடுத்தது கடப்பிதழ். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்குக் கட்டணம் 200 ரிங்கிட். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் 100 ரிங்கிட். பாட்டியைக் குடிநுழைவு இலாகாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு சிக்கல். கத்தி பிடித்து மரம் சீவிய விரல்களில் ரேகை தேய்ந்திருந்தது. இயந்திரம் எளிதில் ஏற்கவில்லை. விரலைத் துடைத்து, வேறு விரலை வைத்து, நேரமெடுத்து முடித்தார்கள். தோட்டத்தில் உழைத்த பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அவசரமில்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தங்கையின் முறை வந்தபோது அவர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அது சிவப்பு.

அந்த அட்டையை மகன் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறார். சின்னம்மா ஓட்டுப் போடப் போவதில்லை என்பதும் தெரியும். அதன் முழுப் பொருள் அன்றுதான் அவருக்கு உறைத்தது. மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு உரியது. ஒரே லயத்தில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் அக்காள் குடிமகள், தங்கை நிரந்தரவாசி.

எப்படி நேர்ந்தது? 1957 ஆகஸ்டு 31-க்கு முன்பு பிறந்த எல்லோருக்கும் குடியுரிமை தானாக வந்துவிடவில்லை. பலர் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. தோட்டத்தில் யாராவது எடுத்துச் சொன்னவர்கள் பதிந்தார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், படிக்கத் தெரியாதவர்கள், ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று பட்டணத்துக்குப் போகாதவர்கள் விடுபட்டார்கள். அக்காளுக்குக் கல்யாணமான வீட்டில் மாமனார் விவரம் தெரிந்தவர். தங்கைக்கு அப்படி ஒருவர் அமையவில்லை. 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப் போவதாக 2018-இல் அரசாங்கம் அறிவித்தது. அந்தச் செய்தி வந்தபோதும் இவர் "இந்த வயசுல எனக்கு எதுக்குய்யா?" என்று இருந்துவிட்டார்.

வேறு பயண ஆவணம், மறுநுழைவு அனுமதி, முழு விசா என்று நிரந்தரவாசிக்கும் சில வழிகள் இருக்கலாம். மலேசியக் கடப்பிதழுக்குரிய எளிய மின்பயண அனுமதி அவருக்குப் பொருந்தாது. வீடு திரும்பும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. கடைசியில் பாட்டிதான் சொன்னார்: "அவ வரலன்னா நானும் வரல. நீங்க போயிட்டு வாங்க."

வயது முதிர்ந்தவர்கள் உள்ள வீடுகளில் செய்ய வேண்டிய முதல் வேலை இதிலிருந்து தெரிகிறது. ஊர் எது, ஓட்டல் எது என்று பேசுவதற்கு முன், பெட்டியைத் திறந்து எல்லோருடைய அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் மேசைமேல் வைக்க வேண்டும். பெயர் எழுத்து ஒன்றுக்கொன்று ஒத்திருக்கிறதா, அட்டை என்ன வண்ணம் என்று பார்க்க வேண்டும். பயணம் போகாவிட்டாலும் இந்த வேலை வீண் போகாது. மருத்துவமனையிலும் உதவித்தொகை முகப்பிலும் கேட்கப்படும் முதல் தாள் அதுதான்.

பையில் இருக்க வேண்டியவை

கடப்பிதழ் உள்ள மலேசியர்கள் ஆஸ்திரேலிய மின்பயண அனுமதியைக் கைப்பேசிச் செயலி மூலமே எடுக்கலாம். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். ஒரு தடவையில் மூன்று மாதம் வரை தங்கலாம். அனுமதி கைக்கு வந்த பிறகு சீட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது, பெரியவர்களுக்கு இருக்கும் நோயை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் ஆபத்து நேரத்தில் காப்புறுதி கைகொடுக்காது. மருந்துகளை அவற்றின் சொந்த உறையிலேயே, மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு கைப்பையில் வைக்க வேண்டும்.

வாகனம் ஓட்டுபவர் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக வாகனமோட்டும் அனுமதி எடுத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் உணவுப் பொருள். ஊறுகாய், கருவாடு, மசாலைத் தூள், முறுக்கு எதுவானாலும் விமானத்தில் தரும் அட்டையில் "இருக்கிறது" என்று குறிப்பிட வேண்டும். சொல்லிவிட்டால், கூடாத பொருளை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம், விசா ரத்து வரைக்கும் போகும். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். அந்த நாடு தன் விவசாயத்தை நோய் பூச்சியிலிருந்து காக்கப் போட்ட விதி அது. பூச்சி ஒன்று புகுந்தால் தோட்டம் என்னவாகும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பாலைவனத்தில் ஒரு நாள்

பூங்காவுக்கு அருகே 17 கிலோமீட்டரில் செர்வான்டிஸ் என்ற சின்ன மீனவ ஊர் இருக்கிறது. 1844-இல் அந்தக் கடலோரம் உடைந்துபோன அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயர் அது. ஓர் இரவு அங்கே தங்குவதே நல்ல திட்டம். காரணம், அந்தக் கற்களின் அழகு காலையிலும் மாலையிலும்தான். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். நடுப்பகலில் அழகும் இல்லை, உடம்புக்கும் ஆகாது. மாலை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இருட்டில் பெர்த்துக்குத் திரும்பினால் கங்காருக்கள் சாலையில் குறுக்கே பாயும். அது இங்கே இரவில் தோட்டப் பாதையில் மாடு படுத்திருப்பதைவிட ஆபத்து. சில வாடகைக் கார் நிறுவனங்கள் நகருக்கு வெளியே இரவில் ஓட்டுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

பூங்காவுக்குள் தூண்களின் நடுவே சுமார் நான்கு கிலோமீட்டர் மண்பாதை சுற்றி வருகிறது. சாதாரணக் காரிலேயே போகலாம். தார் போடாத பாதையில் ஓட்ட வாடகை ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் காரில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கட்டணம் ஆளுக்கு அல்ல, வாகனத்துக்கு. அண்மை ஆண்டுகளில் அது 15 முதல் 20 ஆஸ்திரேலிய டாலருக்குள் இருந்து வருகிறது. உள்ளே கூடாரம் போட்டுத் தங்க முடியாது.

தண்ணீரை ஊரிலேயே வாங்கிக் காரில் ஏற்றிவிட வேண்டும். பாலைவனப் பூங்காக்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது பொதுவான கணக்கு. தாகம் எடுத்த பிறகு குடிப்பது அல்ல, மணிக்கொரு தரம் குடிப்பதே முறை. அகலத் தொப்பி, முழுக்கை சட்டை, மூடிய காலணி, ஈக்களை விரட்ட ஒரு மெல்லிய துண்டு ஆகியவையும் வேண்டும். கைப்பேசி எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். வழியில் கார் நின்றுவிட்டால் இறங்கி நடக்கக் கூடாது. காரோடு இருப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது. அவசர எண் அங்கே 999 அல்ல, 000.

இன்னொன்று, கற்கள்மேல் ஏறுவதோ உட்காருவதோ கூடாது. பல ஆயிரம் ஆண்டுகள் காற்றுக்கும் மழைக்கும் நின்ற கல், ஒரு புகைப்பட ஆசைக்கு உடைந்துபோகலாம். கல்லையோ மணலையோ எடுத்து வரவும் கூடாது.

இலாகா வரிசையில் ஒரு காலை

நீலாய்க் குடும்பத்தின் கதை எங்கே நின்றது? சின்னம்மாவின் சிவப்பு அட்டை, பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டு, தாய் தந்தையின் பழைய பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, ஒரு காலை மகன் விடுப்பெடுத்து அவரைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போனார். விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பதில் எப்போது வரும் என்று யாரும் நாள் குறித்துத் தரவில்லை. அதன் பிறகுதான் செப்டம்பர் சீட்டுக்குப் பணம் கட்டினார்கள். பாட்டி வர மாட்டேன் என்ற பிடிவாதத்தை விட்டது தங்கை சொன்ன ஒரு வார்த்தையால்தான்.

"நீ போயிட்டு வந்து எனக்குச் சொல்லுக்கா. கார்டு வந்துச்சுன்னா ரெண்டாவது தடவை நீதான் எனக்கு வழி காட்டணும். முன்னபின்ன தெரியாத ஊர்ல ரெண்டு பேரும் முழிச்சிக்கிட்டு நிக்கவா?"

"வரும்போது அந்தச் சுண்ணாம்பு மண்ணு ஒரு பிடி கொண்டாந்து கொடு" என்றும் கேட்டார். பேத்தி, "எடுக்கக் கூடாது சின்னப் பாட்டி, சட்டம்" என்றாள். "சரி, அப்ப படம் புடிச்சிக்கிட்டு வா" என்று சிரித்தார் அவர்.

பண்டைத் தமிழர் பாலையைத் தனி நிலமாகப் பிரித்து வைக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலை என்றார்கள். அந்தப் பாலைக்கு உரிய உணர்வு பிரிவு. போகிறவரைவிட வீட்டில் நிற்கிறவரின் மனம்தான் அதில் பெரிதாகப் பேசப்பட்டது. பாலைவனம் பார்க்கத் திட்டமிடும் குடும்பங்கள் தண்ணீரையும் தொப்பியையும் மறக்க மாட்டார்கள். கூடவே, போக முடியாமல் வீட்டில் நிற்கப் போவது யார், ஏன் நிற்கிறார் என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். அது உடல்நலக் குறைவு என்றால் மருத்துவரிடம் போகலாம். பணம் என்றால் ஓராண்டு சேர்க்கலாம். ஒரு தாள்தான் என்றால், அந்தத் தாளுக்காக ஒரு காலை வரிசையில் நிற்பதும் பயண ஏற்பாடுதான். அந்த வேலையைப் பெட்டி கட்டுவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.